காற்றுச் செயலியும் என் வயிற்றெரிச்சலும்

கற்பிட்டிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்காக, காற்றின் வேகத்தைத் தமிழில் காட்டும் செயலி ஒன்றை எழுதினேன். இலவசம். உள்ளே இருக்கும் நிரலும் திறந்தே கிடக்கும்; யாரும் எடுத்துத் திருத்தி அனுப்பலாம். அனுப்பியதைச் சரிபார்த்துச் சேர்ப்பது என் வேலை. ஏச்சு வாங்குவதும் என் வேலைதான். மீன் கறி கொதிக்கும் நேரம் பார்த்து, "இது வேலை செய்யுதில்ல, என்னா செய்றீங்க?" என்று முன்பின் தெரியாத ஒருவர் கேட்பார். நானும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உட்காருவேன்.

அப்படியிருக்க, வண்ணாத்திவில்லுவிலிருந்து ஒருவன் வந்து சேர்ந்தான். தோணியில் கால் வைத்ததே இல்லையாம். காற்று விவரத்தைக் குரலில் வாசிக்கும் பகுதியொன்றை எழுதி அனுப்பினான். ஈரக் கையால் போனைத் தடவ வேண்டியதில்லை. பிழை பிடிக்கவென்றே வரி வரியாகப் பார்த்தேன். பாழாய்ப்போனவன், அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தான்! வேறு வழியில்லாமல் சேர்த்தேன்.

அதன்பிறகு செயலியைப் பாவிக்கும் மீனவர்களின் வட்ஸ்அப் குழுமம் முழுக்க அவன் புகழ்தான். உச்சமுனைத் தீவிலிருந்து, அவனுக்காக இறைவனிடம் துஆ கேட்டுக் குரல் செய்தி வேறு. படகோட்டும் நானா, என் கூடப்பிறந்த அண்ணனே, நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "அந்தப் பொடியன் கெட்டிக்காரன். இப்பதான் இது உருப்படியா இரிக்கி" என்றார்.

"அப்ப இவ்வளவு நாளும்?"

"இவ்வளவு நாளும் சமாளிச்சம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமாளித்தார்களாம்!

பிறகு, நாங்கள் காற்று விவரம் எடுக்கும் இணையத்தளம் தன் அமைப்பை மாற்றியது. செயலி செத்துப்போனது. நான் காய்ச்சலில் கிடந்தேன். குழுமத்தில் ஏச்சு எனக்கு. மறுநாள் காலையில் அவன் திருத்திக் கொடுத்தான்; நன்றி அவனுக்கு. "இனி அவரே பாக்கட்டும்" என்று யாரோ எழுத, பலர் ஓம், அதுதான் சரி என்றார்கள்.

ஆத்திரத்தில் அவனுக்கு எழுதினேன்: "முழுப் பொறுப்பையும் நீங்களே எடுங்க." அனுப்பிய கையோடு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அல்லாஹ்வே, எடுத்துவிடுவானோ? நான் பெற்றதைப்போல வளர்த்த செயலி அது.

பகலுணவுக்குப் பின், என்னை அக்காவாக்கிப் பதில் வந்தது. "இல்ல ராத்தா, எனக்கு ஏலாது. வீட்டு வேலை இரிக்கி. நேரம் கிடைச்சா செஞ்சு தாறன்."

செயலி என்னிடமே நின்றது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ முன்னைவிட எரிந்தது. எவ்வளவு லேசாக ஏலாது என்றுவிட்டான்! இத்தனை வருஷத்தில் நான் ஒருவருக்கும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.