மாதேஷ் அண்ணா டாக்டர்கிட்ட சொல்லாத ஒண்ணு

மாதேஷ் அண்ணா செத்துட்டாரு. ஞாயித்துக்கிழமை காலையில, பல்லு விளக்கிட்டு இருக்கும்போதே... ஹார்ட் அட்டாக்.

"இயற்கை எய்தினார்"னு யாரோ குரூப்ல போட்டிருக்காங்க. எனக்கு அப்படி எழுத வரல. கோவம்தான் வருது.

தெரியாதவங்களுக்கு... ஓசூர்ல எங்க கம்பெனியில இரும்புத் தகடு அழுத்தற பிரஸ் ஷாப்ல ஆபரேட்டர். சொந்த ஊரு ஜவளகிரி பக்கம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் வாய் ஓயாத மனுஷன்.

அவருக்கு எச்.ஐ.வி. நான் ஒண்ணும் ரகசியத்தை உடைக்கல, அவரே ஊருக்கெல்லாம் சொன்னதுதான்.

ஒரு நாள் கேன்டீன்ல அவர் வந்து உக்காந்ததும் பக்கத்துல இருந்தவன் தட்டை எடுத்துக்கிட்டு வேற டேபிளுக்குப் போனான். அண்ணா எழுந்து நின்னாரு. "ஆமாப்பா, எனக்கு எச்.ஐ.வி. மாத்திரை கரெக்டா போடறேன். கூட உக்காந்து தின்னா ஒட்டாது. சந்தேகம் இருந்தா என்னையே கேளுங்க."

கேட்டாங்க. லஞ்ச் டைம் முடிஞ்சும் ஒருத்தரும் எழுந்திருக்கல, சூப்பர்வைசர் வந்து விரட்டினாரு.

அதுக்கப்புறம் வீக்லி ஆஃப் வந்தா ஆஸ்பத்திரியில எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கற சென்டர்ல போய் உக்காந்துக்குவாரு. புதுசா வந்து அழுதுட்டு நிக்கறவங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவாரு. மாத்திரையே வேணாம்னு ஓடினவங்களுக்கு போன் மேல போன் போட்டு வரவழைப்பாரு.

அந்த மனுஷன் தினமும் கஞ்சா இழுத்தாரு. ஆமா, எழுதறேன். யாருக்கு வேணா கோவம் வரட்டும்.

நோய் தெரிஞ்சதுமே குடியை விட்டாரு, சிகரெட்டை விட்டாரு. இதை மட்டும் விடல. ஷிப்ட் முடிஞ்சா கூட்டாளிங்களோட கெலவரப்பள்ளி டேம் பக்கம் போயிடுவாரு. ஒரு தடவை அங்கயே வண்டியை நிறுத்திட்டு நல்லா திட்டினேன்.

சிரிச்சாரு. "இது இலைம்மா செல்வி, கெமிக்கல் கிடையாது. பசி எடுக்குது, தூக்கம் வருது. மாத்திரை திங்கற உடம்புக்கு நல்லதுதான்."

யார் சொன்னாங்கன்னு கேட்டா கூட்டாளிங்களாம். என்னமோ அவனுங்க எம்.பி.பி.எஸ். முடிச்சிட்டு வந்த மாதிரி.

டாக்டர்கிட்ட சொன்னீங்களான்னு கேட்டேன். மூஞ்சி மாறிப்போச்சு. புகை பிடிக்கறியான்னு கேட்டாங்களாம், விட்டுட்டேன்னு சொல்லிட்டாராம். "இதைச் சொன்னா போலீசு, கேசுன்னு ஆயிடும்மா. இருக்கற மரியாதையும் போயிடும்."

எச்.ஐ.வி.ன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்ன வாய்... டாக்டரம்மா ஒருத்தர்கிட்ட கஞ்சான்னு சொல்ல வரல.

போன மாசம் நெஞ்சு பாரமா இருக்குதுன்னாரு. கேஸ் ட்ரபிள்னு சொல்லி சோடா குடிச்சாரு. ரெண்டு இழுப்பு இழுத்தா சரியாயிடும்னு ஒருத்தன் சொன்னானாம். அவன் இதைப் படிப்பான். நல்லா படிடா.

நேத்து அடக்கம். வந்தவங்க பேச்சைக் கேக்கணுமே... "அந்த நோய் கடைசியில தூக்கிட்டுப் போயிடுச்சு பாரு. அவ்ளோ மாத்திரை தின்னு என்ன பிரயோஜனம்?"

அண்ணா பேசிப் பேசி மருந்து ஆரம்பிக்க வெச்ச ஒரு அக்கா வந்திருந்தாங்க. எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன். என்னை ஓரமா கூப்பிட்டாங்க. "அவருக்கே இப்படின்னா மாத்திரை வேலை செய்யலன்னுதானே அர்த்தம்? நைட்டு நான் போடல செல்வி."

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. செத்தவர் மேலயா, பேசினவங்க மேலயா... எல்லார் மேலயும்தான்.

இன்னைக்குக் காலையில சென்டர் டாக்டரம்மாகிட்ட போய் எல்லாத்தையும் கொட்டினேன். மாத்திரையால கிருமி அடங்கியே இருந்தாலும் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ரத்தக்குழாய் சீக்கிரம் கெடுமாம், மத்தவங்களை விட ஹார்ட் அட்டாக் வர வாய்ப்பு ஜாஸ்தியாம். அது மேல பீடியோ கஞ்சாவோ எந்தப் புகையும் போகக் கூடாதாம். கஞ்சா இழுத்தா நெஞ்சு வேற வேகமா அடிக்கும்னாங்க.

அதனாலதான் போனாருன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா தெரிஞ்சிருந்தா முன்னாடியே ஹார்ட்டை செக் பண்ணியிருப்போம்னாங்க. "நாங்க என்ன போலீஸாம்மா?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

நம்மள மாதிரின்னு மேல எழுதிட்டேன். தெரிஞ்சேதான் எழுதினேன்.

எனக்கும் எச்.ஐ.வி. இருக்குது. அண்ணா போட்ட அதே மாத்திரைதான், பல வருஷமா. தினமும் அசெம்ப்ளி லைன்ல நின்னு வேலை பார்க்கறேன், நல்லா இருக்கேன். என் பொண்ணுக்குத் தெரியும். கம்பெனிக்கு இதைப் படிச்சுதான் தெரியும்.

அண்ணா இருந்த வரைக்கும் அவரைக் காட்டிட்டு நான் ஒளிஞ்சுக்கிட்டு இருக்க முடிஞ்சுது. இனிமே முடியாது.

அக்கா, இன்னைக்கு நைட்டு மாத்திரையைப் போடுங்க. போட்டுட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்க.

போங்க அண்ணா. உங்க மேல கோவம் தீரல எனக்கு.