மேடையில் சொன்னது யாருடைய பேச்சு?

கூட்டங்களில் பேசுபவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, திகதி போட்டு எழுதி வைப்பது என் பழக்கம். எவரும் அதைக் கேட்டு வந்ததில்லை. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி, வங்காலைப் பக்கம் கொட்டில் போட்டிருந்த ஒரு பெண்தான் முதலில் வந்தார். காணி கொடுத்த நாளில் பெரிய அதிகாரி ஒருவர் மேடையில், "இங்கிருந்து உங்களை ஒருவரும் எழுப்ப மாட்டார்கள்" என்றிருந்தார். இப்போது எழும்பச் சொல்கிறார்கள். நான் அச்சிடவிருந்த பேச்சுத் தொகுப்பில் அந்த வசனம் வந்தால், புத்தகத்தோடு அரசாங்கக் கந்தோருக்குப் போகலாம் என்று நினைத்தார்.

உப்புக்குளத்து அச்சகக்காரர் பக்கங்களைத் திருப்பித் தந்தார்.

"சட்டம், அரசாங்க வர்த்தமானி எண்டால் ஆரும் போடலாம். பேச்சு பேசினவருக்குச் சொந்தம். பேப்பரில செய்தியா வரலாம், புத்தகத்துக்கு அனுமதி வேணும்."

"அரசாங்கச் சம்பளத்தில பேசினதும் அப்பிடியோ?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. வழக்கு வந்தால் நீங்கள் அதுக்கும் திகதி போட்டு வைப்பியள். என்ர மெஷினையெல்லோ தூக்குவாங்கள்."

நானும் பதிப்புரிமைச் சட்டத்தைத் தேடி வாசித்தேன். எனக்கும் தெளிவு கிடைக்கவில்லை.

இடம் மாறிப் போயிருந்த அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தேன். தான் சிங்களத்தில் பேசியதாகவும், தமிழில் என்ன சொல்லப்பட்டதென்று தெரியாதென்றும் பணிவாகச் சொன்னார். உண்மைதான். எங்கள் கூட்டங்களில் அதிகாரி இரண்டு வசனம் பேசி நிறுத்துவார். பக்கத்தில் நிற்கும் கந்தோர்க் கிளாக்கர் தமிழில் சொல்வார். சனம் அதற்குத்தான் கைதட்டும். என் பதிவில் சிங்களம் காற்று இரைச்சலில் போய்விட்டது.

கிளாக்கரிடம் போனேன்.

"நான் வாயை மட்டும்தான் குடுத்தனான், ஐயா. அனுமதி எண்டு கையெழுத்து வைச்சால் காணியும் நான் குடுத்த மாதிரி ஆகிடும்."

சொன்ன விஷயம் பொது, வசனம்தான் ஆளுக்குரியது, உங்கள் சொல்லில் எழுதுங்கோ என்றார் அச்சகக்காரர். எழுதினேன்: 'குடியிருப்பவர்கள் வெளியேற்றப்படமாட்டார்கள் என அதிகாரி உறுதியளித்தார்.' அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இது நீங்கள் சொல்லுறது, அண்ணை. என்னை எழுப்ப வாறவன் உங்களுக்குப் பயப்பிடுவானோ? அந்தக் குரலை என்ர போனுக்கு அனுப்பி விடுங்கோ."

"அது அதிகாரியின்ர குரல் இல்லை. கிளாக்கர்."

"ஓம், தெரியும். அவர் இன்னும் அந்தக் கதிரையிலதானே இருக்கிறார். அவருக்கு முன்னாலயே போட்டுக் காட்டுறன்."

இனி அனுமதி கேட்க எனக்கு ஆளும் இல்லை, தெம்பும் இல்லை. அனுப்பிவிட்டேன்.