சாயம் போகாத மாத்திரை

எங்கள் நைனா எதையும் நனைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். திருத்தணியில் மலைக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு சின்னத் துணிக்கடை. லுங்கி, துண்டு, காவடி எடுக்க வருகிறவர்களுக்கு மஞ்சள் வேட்டி. தறிகள் ஓடும் பொதட்டூர்பேட்டையிலிருந்து பண்டல் வந்து இறங்கியதும் நைனா முதல் வேலையாக ஒரு லுங்கியின் ஓரத்தைத் தண்ணீரில் முக்கி, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தித் தேய்ப்பார். வெள்ளையில் ஒரு பொட்டு நிறம் ஒட்டினாலும் போதும், பண்டல் வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விடும். அனுப்பியவர் சொந்த மச்சானாக இருந்தாலும் சரி.

இந்தப் பழக்கம் கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வரும் மிளகாய்த்தூள், டீத்தூள், தேன் எல்லாமே டம்ளர் தண்ணீரில் பரீட்சை எழுதித் தேறிய பிறகுதான் சமையலறைக்குள் போகும். பால்காரர் எங்கள் வாசலில் மட்டும் நின்று பேசமாட்டார். எனக்கும் அதே புத்தி. ஐந்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் மிட்டாய் கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். அப்பன் மாதிரியே பொண்ணு என்பார்கள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் அம்மாவுக்கு உடம்பு படுத்தியது. கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் அளவுக்கு மீறி ரத்தம் போய்ப்போய், நாலு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுவாள். கட்டியை எடுத்தே ஆகவேண்டும், ஆனால் ஏழு பாயிண்ட் ரத்தத்தை வைத்துக்கொண்டு கத்தி வைக்கமுடியாது, பத்துக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டார் அரசு மருத்துவமனை டாக்டரம்மா. அதற்காகச் சிவப்பு மாத்திரை ஒரு கட்டு இலவசமாகக் கொடுத்தனுப்பினார்.

இலவசம் என்ற சொல்லே நைனாவுக்கு ஆகாது. அதே வாரம் கடைக்குத் துண்டு வாங்க வந்த ஒருவர் பையிலிருந்து பளபளவென்று ஒரு டப்பாவை எடுத்தார். இருபது விட்டமினும் இரும்புச்சத்தும் ஒரே மாத்திரையில் இருக்கிறதாம். வெளிநாட்டுச் சரக்காம். நைனா அவரையும் நம்பவில்லை. மாதிரிக்கு ஒரே ஒரு மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

இரண்டு வெள்ளைக் கிண்ணங்களில் தண்ணீர் வைத்து, ஒன்றில் ஆஸ்பத்திரி மாத்திரையையும் மற்றதில் டப்பா மாத்திரையையும் போட்டார். நாங்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்திலேயே ஆஸ்பத்திரி மாத்திரையிலிருந்து சிவப்பு இறங்கிக் கிண்ணம் கலங்கியது. அப்புறம் அது விரிந்து, உதிர்ந்து, அடியில் சேறாகப் படிந்தது. டப்பா மாத்திரை அசையவே இல்லை. தண்ணீரும் தெளிவாக அப்படியே இருந்தது.

"பாத்தியா, சும்மா குடுத்ததோட சாயம் வெளுத்துப்போச்சு," என்றார் நைனா. "இத பாரு. கெட்டிச் சாயம். இதான் சரக்கு."

எனக்கும் அதில் துளி சந்தேகம் இல்லை. சிவப்பு மாத்திரைக் கட்டு பரண்மேல் போயிற்று. மறுநாளே நைனா அந்த ஆளிடம் முழு டப்பாவையும் காசு கொடுத்து வாங்கிவந்தார். அம்மா தினமும் காலையில் டப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். அதுவும் டீயோடு. சூட்டில்தான் மருந்து உடம்பில் நன்றாகப் பிடிக்கும் என்பது நைனாவின் கணக்கு. சாயத்தொட்டியைச் சூடாக்கித்தானே நூலில் நிறம் ஏற்றுகிறார்கள்!

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ரத்தம் ஏழுக்கும் கீழே போயிருந்தது. நைனா முதலில் லேபைச் சந்தேகப்பட்டார். அரக்கோணத்துக்குப் போய் வேறு லேபில் பார்த்தோம், அங்கேயும் அதையே சொன்னார்கள். பிறகு கீரைக்காரம்மாவைச் சந்தேகப்பட்டார். சந்தேகம் ஒவ்வொருவர் மேலும் ஏறி இறங்கி, கடைசியில் அம்மா மேல் வந்து உட்கார்ந்தது. மாத்திரையை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. அதைத்தான் நனைத்துப் பார்த்தாயிற்றே.

"நீ ஒழுங்கா போட்டுக்கினுதான இருக்கற?"

"ஆங், தினம் போட்டுக்கினுதாங்க இருக்கேன்."

அந்த "ஆங்" நைனாவுக்குப் போதவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா மாத்திரை போடுவதைக் கூட இருந்து பார்க்கச் சொன்னார். நான் அந்த உத்தியோகத்தை உயிரைக் கொடுத்துப் பார்த்தேன். டீ டம்ளரை அம்மா கீழே வைத்ததும், "நாக்கத் தூக்கும்மா" என்பேன். அம்மா சிரித்துக்கொண்டே தூக்கிக் காட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. அம்மா அதற்குள் மாத்திரையை முழுங்கியிருந்தாள், அல்லது முழுங்கியதாகச் சொன்னாள். வெயில் நன்றாக ஏறிய பிறகு துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். தண்ணீர் ஊற்றப் போன நான் அதில் மாத்திரையைப் பார்த்தேன். கடையில் வாங்கியது மாதிரி முழுசாக இருந்தது. மேலே இருந்த எழுத்துகூட அழியவில்லை.

காலையில் போட்ட மாத்திரை இத்தனை நேரம் கழித்தும் முழுசாக இருக்குமா? அப்படியானால் அம்மா காலையில் போடவே இல்லை, நைனா சாப்பிட வருகிற நேரத்துக்குப் பயந்து இப்போதுதான் வாயில் போட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா செத்துப்போய்விடுவாள் என்ற பயமும் அதற்குள்ளேயே இருந்தது. மாத்திரையைக் குச்சியால் எடுத்துக் கழுவி, நோட்டுத்தாளில் மடித்துக் கொண்டுபோய்க் கடையில் நைனாவிடம் கொடுத்தேன்.

நைனா மதியம் வந்து அந்தத் தாளை அம்மா முன்னால் பிரித்து வைத்தார்.

"முருகன்மேல ஆணையா காலையிலயே முழுங்கினேங்க."

"அப்பறம் எப்பிடி முழுசா இருக்குது? செத்துப்போலாம்னு முடிவு பண்ணிட்டியா? எங்கள இன்னா பண்ணச் சொல்ற?" நைனாவின் குரல் உடைந்துவிட்டது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, நீ சொல்லு. நீதான தினம் பாத்துக்கினு இருந்த?"

"நேத்து வரைக்கும் பாத்தேன்," என்றேன். "இன்னிக்கு பாக்கல."

நான் பொய் சொல்லவில்லை. அதனால் எனக்கு உறுத்தவும் இல்லை. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் நைனா அம்மாவையும் மாத்திரையையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மருந்து கொடுக்கும் அம்மாவிடம், "இவ மாத்திர போடாம ஏமாத்தறா, நீங்களாவது சொல்லுங்க" என்று கிண்ணத்துக் கதையிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். அந்த அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல யாரு செஞ்சதுன்னு அட்ரஸ்கூட இல்லியேங்க. சில மாத்திர குடலுக்குப் போய் கரையற மாதிரி பண்ணுவாங்க, அப்பிடின்னா அதயும் டப்பா மேல எழுதியிருப்பாங்க. இதுல அதுவும் இல்ல. மாத்திர இன்னா லுங்கியா, சாயம் கெட்டியா நிக்கறதுக்கு? வயித்துல கரஞ்சாத்தான ரத்தத்துல சேரும்? இந்தம்மா முழுங்கித்தான் இருப்பாங்க. உங்க சரக்குதான் கரையல."

வேண்டுமானால் வினிகரில் போட்டு அரைமணி நேரம் பாருங்கள் என்றார். கூடவே, டீ இரும்பைச் சேரவிடாது, அதைத் தள்ளிவைத்து எலுமிச்சைச் சாறு குடிக்கச் சொல்லுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். நைனா அவரையும் நம்பவில்லை. ஃபிரைடு ரைஸ் கடையில் கொஞ்சம் வினிகர் வாங்கிவந்து மறுபடியும் இரண்டு கிண்ணம் வைத்தார். பரணிலிருந்து இறங்கிய சிவப்பு மாத்திரை அரைமணிக்குள் கரைந்தது. டப்பா மாத்திரை கல்லாகவே கிடந்தது.

விற்றவருடைய போன் அணைந்திருந்தது. நைனா அவரைக் கெட்ட கெட்ட வார்த்தையில் திட்டினார், டப்பாவைத் திட்டினார், வெளிநாட்டையே திட்டினார். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வாங்கிவந்து சமையலறையில் வைத்தார். நான் அதுவும் செய்யவில்லை. பழையபடி காலையில் அம்மா எதிரில் போய் நின்றுகொண்டேன்.

சிவப்பு மாத்திரையில் ரத்தம் மெல்ல மெல்ல ஏறியது. பத்தைத் தாண்டியதும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அது நல்லபடியாகவே முடிந்தது. அம்மா இப்போது என்னைவிட வேகமாக மலைப்படி ஏறுகிறாள். ஆபரேஷனுக்காகச் சேர்த்த அன்று டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "மாத்திரயெல்லாம் விடாம போட்டீங்களா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா என்னை முன்னால் இழுத்து நிறுத்தினாள். "எம் பொண்ணக் கேளுங்க. அவ சொன்னாத்தான் சரியா இருக்கும்."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே என் பக்கம் குனிந்தார். "ஆங், நான் பாத்தேன். ஒரு நாள்கூட விடல," என்றேன் நான்.

பெரிய டாக்டரே அம்மாவை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். போட்டேன் என்று ஒரு வார்த்தையை அம்மா ஏன் தன் வாயால் சொல்லவில்லை என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.