எடுத்தால் வைக்க வேண்டும்

இது நடந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரே ஓர் இடத்தில் என் ஞாபகத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. என் தங்கை வீட்டுக்காரர் கடைசியாகப் பேசிய வார்த்தை எது? "அடுத்த வாரம் வந்து வெச்சுக்கலாம்" என்றதா, அதற்கப்புறமும் ஏதாவது சொன்னாரா? தங்கை இதைப் பலமுறை கேட்டுவிட்டாள். ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன் என்கிறாள். இருக்கலாம். மற்றதெல்லாம் நான் சொல்கிறபடியேதான் நடந்தது.

நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவன். சத்தம் எனக்கு ஆகாது. மாப்பிள்ளை நேர் எதிர். பஸ் நிலையத்தில் மைக் பிடித்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று அறிவிப்பது அவர் வேலை. நாள் முழுக்க மைக்கில் பேசிவிட்டு, மிச்சத்தை வீட்டுக்கு வந்து பேசுவார். வாயில் சோறு இருந்தாலும் பேச்சு நிற்காது. தூக்கத்தில்கூட வண்டி எண் சொல்கிறார் என்று தங்கை சிரிப்பாள்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு விளையாட்டு. ஜியோகேச்சிங் என்று பெயர். நாங்கள் 'பெட்டி தேடுறது' என்போம். யாரோ ஒருவர், தண்ணீர் புகாத சின்னப் பெட்டி ஒன்றை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, இருந்தது இருந்தபடி மூடி வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். பரிசு கிடையாது.

ஆனால் முறைகள் உண்டு. வெளியாள் பார்க்கும்போது பெட்டியில் கை வைக்கக் கூடாது. செடி கொடியை மிதித்து நாசம் பண்ணக் கூடாது. பெட்டிக்குள் பொம்மை, சாவிக்கொத்து, கோலிக்குண்டு என்று சில்லறைச் சாமான்கள் கிடக்கும். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால், அதே மதிப்புள்ள ஒன்றையோ அதைவிட மேலான ஒன்றையோ பதிலுக்கு வைக்க வேண்டும். அதற்கென்றே ஒரு துணிப்பையில் பொருட்கள் சேர்த்து வைத்திருந்தோம். கையுறை, டார்ச், பொந்துக்குள் விட்டுப் பார்க்க ஒரு குச்சி, மாற்று பேட்டரி... இவையும் எப்போதும் கூட வரும்.

"வளந்த ஆளுங்க ரெண்டு பேரும் டப்பா பொறுக்கிட்டு அலையறீங்களே, வெளிய சொன்னா வெக்கக்கேடு," என்பாள் தங்கை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மழை விட்ட சாயங்காலம். தங்கைக்கு எட்டாம் மாதம். வாசல் வரை வந்து என்னிடம் சொன்னாள்.

"அண்ணா, இருட்டறதுக்குள்ள இவரக் கொண்டாந்து சேத்துடு. ராத்திரி இவரு குரல் கேட்டாதான் உள்ள இருக்கிறது ஒதைக்கிறத நிறுத்துது."

"பாத்தீங்களா மச்சான், பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு ரசிகர் மன்றம்," என்றார் மாப்பிள்ளை.

பழைய மின்சாமான் கடையில் அவர் ஒரு ஜிபிஎஸ் கைக்கருவி வாங்கியிருந்தார். கனமானது. நல்ல நிலையில் இருந்தது. கழுத்தில் மாட்டும் கயிறு மட்டும் இல்லை. கொக்கியில் ஒரு துண்டு சிவப்புக் கயிறு அறுந்து தொங்கியது. கருவியை முன்பு வைத்திருந்த யாரோ, ஒரே ஓர் இடத்தை அதில் சேமித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் பெட்டிப் படம்.

கிளம்புவதற்கு முன் இணையப் பட்டியலில் பார்ப்பது வழக்கம். பெட்டி இன்னும் இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா என்று தெரிந்துகொள்ள. அன்று பார்க்கவில்லை.

"பாத்துட்டுப் போனா என்ன மச்சான் சுவாரசியம்?" என்றார்.

கைவிடப்பட்ட கல்குவாரி அது. மூன்று பக்கமும் வெட்டிய பாறைச் சுவர். நடுவில் பச்சையாகத் தேங்கிய தண்ணீர். ஓரமாக ஒற்றையடிப் பாதை. காரைச் சாலையில் விட்டுவிட்டு இறங்கினோம்.

மாப்பிள்ளைக்குக் குஷி. கையைக் குவித்துக்கொண்டு கத்தினார். "பயணிகள் கவனத்திற்கு! மேடை எண் நான்கில் நிற்கும் வண்டி இன்னும் சில நிமிடங்களில் புறப்படும்!"

பாறைகள் அதை அப்படியே திருப்பிச் சொல்லின. ஒரு சுவர், அடுத்த சுவர், அதற்கடுத்தது. புறப்படும்... படும்... படும்...

"ஸ்பீக்கரே தேவையில்ல போலிருக்கே!" என்று சிரித்தார். மறுபடி கத்தினார். மறுபடி வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். இந்த மனிதர் கொஞ்ச நேரம் வாயை மூடினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை.

பாதை குறுகியது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பெட்டி இருக்கும் இடத்தை நெருங்கினால் பொதுவாகத் தடம் தெரியும். முன்னால் வந்தவர்கள் மிதித்த புல், நகர்த்திய கல். இங்கே எதுவும் இல்லை. இடுப்பளவு புல், ஓர் இலைகூட மடங்காமல் நின்றது.

இன்னொன்று. மாப்பிள்ளை மூன்றாவது முறை கத்தினார்.

எதிரொலி வரவில்லை.

அவரும் நின்றார். "என்ன மச்சான், கரண்ட் போயிடுச்சா?" என்றார். சிரிப்பு பாதியில் நின்றது.

கொடுத்த சத்தத்தை அந்த இடம் திருப்பித் தரவில்லை.

கருவி ஒரு சாய்ந்த பாறையைக் காட்டியது. அடியில் கை நுழையும் பொந்து. குச்சியை விட்டுப் பார்த்தேன். டங் என்றது. இரும்பு. மாப்பிள்ளை கையுறை போட்டுக்கொண்டு இழுத்தார். பச்சை வண்ணம் அடித்த பெட்டி. மழை பெய்து ஓய்ந்த மண்ணுக்குள்ளிருந்து வந்தது... ஆனால் மேலே ஒரு துளி ஈரம் இல்லை.

திறந்தோம். பெயர் எழுதும் தாள் இல்லை. பொம்மை இல்லை. சாவிக்கொத்து இல்லை. ஒரே ஒரு பொருள்.

விசில். எஃகு விசில். சிவப்புக் கயிறு கட்டியிருந்தது.

"ஆஹா, நம்ம வாரிசுக்கு முதல் சீர்," என்று எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். துணிப்பையைத் தேடினோம். என் தோள்பையில் இல்லை. காரின் பின்சீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

"வேணாம் மாப்ள, உள்ள வெச்சுடுங்க. பதிலுக்கு வெக்க ஒண்ணுமில்ல."

"ஒரு விசிலுக்குப் போயி... அடுத்த வாரம் வந்து வெச்சுக்கலாம் மச்சான்."

விசிலை உதட்டில் வைத்து ஊதினார். நீளமாக. காதைக் கிழிக்கிற மாதிரி.

அதற்கும் எதிரொலி இல்லை.

பெட்டியை மூடி உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்பினோம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு பத்து. வெளிச்சம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. பாதையில் இருவர் சேர்ந்து நடக்க இடமில்லை. நான் முன்னால். அவர் பின்னால்.

மாப்பிள்ளை பேசவில்லை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அது பிடித்திருந்தது. முதல் தடவையாக அவரோடு ஓர் அமைதியான நடை. ஈரப் புல் காலில் உரசும் சத்தம். எங்கோ பாறையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். சொட்... சொட்... நான் அனுபவித்துக்கொண்டு நடந்தேன். அவருக்கும் இந்த இடம் பிடித்துப்போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மேடு ஏறும் இடம் வந்தது. காலடி தெரியவில்லை.

"டார்ச் உங்ககிட்டயா மாப்ள?"

பதில் இல்லை.

"மாப்ள?"

சொட்... சொட்...

திரும்பினேன்.

அவர் எனக்குப் பத்தடி பின்னால் இருந்தார். வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர்.

அவர் கத்திக்கொண்டிருந்தார்.

உதடுகள் அசைந்தன. மூடின. மறுபடி திறந்தன.

ஒரு சத்தமும் இல்லை.

அவ்வளவு தூரமும்... அவர் கத்திக்கொண்டேதான் வந்திருக்கிறார்.

என்னைப் பார்த்துவிட்டு, அவர் திரும்பிக் குவாரிப் பக்கம் பார்த்தார். பார்த்த விதம்... யாரோ கூப்பிட்டது போல.

நான் அவர் கையைப் பிடித்தேன்.

ஓடினோம்.

காருக்குள் விளக்கைப் போட்டு, கதவைப் பூட்டி, என் போனை அவரிடம் கொடுத்தேன். தட்டினார்.

'நில்லுங்க மச்சான், திரும்பிப் பாருங்க. இதத்தான் வழி பூரா கத்தினேன்.'

எனக்குக் கேட்கவில்லை என்றேன்.

அவர் தலையாட்டினார். மறுபடி தட்டினார்.

'எனக்குக் கேட்டுது. ஆனா என் வாயிலேருந்து இல்ல. பின்னாடியிலேருந்து.'

வீட்டு வாசலில் தங்கை நின்றிருந்தாள். "என்ன அண்ணா, ஒழுங்கா வந்து சேந்தாச்சா?" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "என்னங்க, இன்னிக்கு ஒரு கதையும் காணோம்?" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான்தான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை.

அன்று ராத்திரி முழுக்க வயிற்றில் உதை நிற்கவில்லையாம். விடியும் நேரத்தில் அவள் போனில் இருந்த அவருடைய பழைய குரல் பதிவு ஒன்றைப் போட்டு, வயிற்றருகே வைத்திருக்கிறாள். விநாடிகள் ஓடியிருக்கின்றன. பேச்சு இல்லை. அடுத்த பதிவு. அதிலும் இல்லை. என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். காதில் வைத்துக் கேட்டேன்.

தண்ணீர் சொட்டும் சத்தம்.

விடிந்ததும் நானும் மாப்பிள்ளையும் துணிப்பையை எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போனோம். நல்ல வெயில். அதே பாறை. கருவி அதே இடத்தைத்தான் காட்டியது. அடியில் பொந்து இல்லை. வேர் ஓடி இறுகிப்போன மண். பையிலிருந்த அத்தனையையும் அங்கே கொட்டினோம். மாப்பிள்ளை விசிலையும் கழற்றி வைத்தார். இரண்டடி நடந்தார். திரும்பிப் போய் அதை மட்டும் எடுத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை. அதுவும் இல்லாவிட்டால் பெண்டாட்டியைக் கூப்பிடக்கூட அவரிடம் என்ன இருக்கிறது?

தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை என்றார்கள் மருத்துவர்கள். ஒருவரல்ல, நான்கு பேர்.

எங்கள் பகுதியில் பெட்டிகளைச் சரிபார்த்துப் பட்டியலைப் பராமரிக்கிறவர் ஓய்வுபெற்ற ஒரு சர்வேயர். கருவியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கொக்கியில் தொங்கிய சிவப்புக் கயிற்றைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இது எங்க கெடச்சுது உங்களுக்கு?"

சொன்னேன். பிறகு சொன்னார். அந்தப் பெட்டியை வைத்தவள் ஓர் இளம்பெண். பிறவியிலேயே பேச்சு வராது. கூட்டமாகத் தேடப் போகும்போது யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் விசில் ஊதுவாள். விசிலையும் கருவியையும் ஒரே சிவப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பாள். மூன்று வருடங்களுக்கு முன்னால் பெட்டியைச் சரிபார்க்கத் தனியாகப் போனவள் குவாரியில் விழுந்துவிட்டாள்.

"தேடப் போனதுல நானும் ஒருத்தன். விசில் கேட்டுது தம்பி. எங்க எல்லாருக்கும் கேட்டுது. ஆனா எதிரொலி... நாலா பக்கமும் கேக்குது. எந்தப் பக்கம்னு ஓடறது? நாங்க அந்தப் பக்கம் ஓடினா இந்தப் பக்கம். கொஞ்ச நேரத்துல நின்னுடுச்சு."

அவளை எடுத்தபோது கழுத்தில் கயிறு இல்லை என்றார்.

"பெட்டிய யாரும் எடுக்கலையா?" என்று கேட்டேன்.

எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். மேல் தட்டில் இருந்தது. பச்சை வண்ணம் அடித்த பெட்டி.

"அந்த வாரமே நான்தான் எடுத்துட்டு வந்தேன். அன்னியிலேருந்து இது இங்கதான் இருக்கு."

வாசல் வரை வந்து வழியனுப்பினார். நான் செருப்பு மாட்டும்போதுதான், ஞாபகம் வந்தவராகச் சொன்னார்.

"போன வாரம் படமெடுக்கப் போன ரெண்டு பேரு சொன்னாங்க. குவாரில யாரோ இருக்காங்களாம். ஆளத் தெரியலயாம். மேடை நம்பர், வண்டி நம்பர்னு என்னென்னமோ பேசிட்டே இருக்காம். நடுவுல நடுவுல 'நில்லுங்க மச்சான், திரும்பிப் பாருங்க'ங்குதாம். யாரு தம்பி அது?"

அந்த வார்த்தைகளை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. குவாரிக்கு வேலி போட்டுவிட்டார்கள். சர்வேயர் பட்டியல் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை அதே பஸ் நிலையத்தில் பார்சல் பிரிவில் இருக்கிறார். மைக்கில் வேறு ஆள் பேசுகிறார். தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுதால் அவர் மெதுவாக விசில் ஊதுவார், உடனே அடங்கிவிடும். நன்றாக வளர்கிறாள். இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. நான் பெட்டி தேடுவதை விட்டுவிட்டேன். நூலகத்தில்தான் வேலை பார்க்கிறேன். மத்தியானங்களில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அமைதி கொஞ்சம் நீண்டுபோனால், திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.