பெரட்டுக் களத்தைப் பார்த்த எட்டுக் கதவுகள்

1. இடம் தேர்ந்தவன்

எழுபதுகளின் கடைசியில், பசறைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சேமநல உத்தியோகத்தராக இருந்தேன். பதுளையில் மூன்று நாள் பயிற்சி பெற்றவன். மனிதர்களின் பழக்கத்தை மாற்ற அது போதும் என்று நம்பியது பயிற்சியின் குற்றமல்ல.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மேல் லயத்துப் பெண்கள் தேயிலைச் செடிகளுக்குள்தான் ஒதுங்குவார்கள். மழை வந்தால் எல்லாம் வழிந்து, குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வரும். போன அடைமழையில், கொழுந்தெடுக்கும் பாக்கியத்தின் மூத்த பிள்ளை வயிற்றோட்டத்தில் இறந்துபோனது. மிஞ்சியது கைக்குழந்தை ஒன்று. அடுத்த மழைக்குள் ஏதாவது செய்ய வேண்டுமென்று எட்டுக் கக்கூசு கட்டினேன்.

இடம் என் தேர்வு. விடிந்ததும் எல்லோரும் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தின் ஓரம். சனம் கூடும் இடத்தில்தானே கடை போட வேண்டும்? தோட்டத்தை நடத்தும் துரையின் கண்ணில் படட்டும் என்று கதவுகளையும் களத்தைப் பார்த்தே வைத்தேன்.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், சிமெந்துத் தரை பூசிய அன்று போலவே பளபளத்தது.

"நல்லா பாத்துக்கிறோமுங்க," என்றார் காவல்காரர் முனியாண்டி. "எங்க காம்பராவுக்கே இம்புட்டு சிமெந்து பூசலீங்களே! செருப்போட போகலாமுங்களா, கழட்டிட்டுத்தான் போகணுமா?"

2. பிரசங்கம்

லயத்து வாசலில் ஆட்களைக் கூட்டி, குடற்புழுக்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். "பீலித் தண்ணி கெட்டுப்போகுது, விளங்குதா?" "ஆமாங்க." "இனிமே கக்கூசுக்குப் போவீங்களா?" "ஆமாங்க." உத்தியோகத்தன் பேச்சைச் சீக்கிரம் முடிக்க வைக்க அந்தச் சொல்லைவிட நல்ல மருந்து தோட்டத்தில் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. மறுநாளும் தரை பளபளத்தது. அறிக்கையில் 'அறியாமை' என்ற சொல்லை இரண்டு இடத்தில் எழுதினேன்.

வானம் கறுக்கத் தொடங்கிய வாரம், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். பாக்கியம் கொழுந்து மலையிலிருந்து பால் கொடுக்க இறங்கி வந்திருந்தாள்.

"நீயாவது போகக்கூடாதா பாக்கியம்? இந்தப் பிள்ளையை நினைச்சுப் பாரு."

அவள் முகம் சிவந்துவிட்டது. "நெனைக்காத நாளு இருக்குதுங்களா? ஐயா கோவிச்சுக்கப்படாது. எங்களுக்கு நேரம் கெடைக்கிறதே விடியக்காலையிலதான். அந்நேரம் கங்காணியில இருந்து கவ்வாத்து வெட்டுறவன் வரைக்கும் அம்புட்டு ஆம்பளையும் களத்துல நிக்கிறான். தண்ணி டின்னத் தூக்கிக்கிட்டு அவனுக முன்னால கதவத் தெறக்கணுமா? ஒங்க வீட்டு அம்மா போவாங்களா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த அறையில் அறியாமை ஒன்று இருந்தது உண்மை. அது கால்சட்டை போட்டு நின்றது.

"பின்பக்கம் வாசல் வச்சா?"

"லயத்துல இருந்து பீலி வழியா வந்துருவோமுங்க. மானாப்புல்லுல ஒரு தட்டியும் கட்டிக் குடுங்க. மத்தவங்களக் கூட்டியாறது என் பொறுப்பு."

3. துரையிடம்

"என்ன மேன், கட்டி மூணு மாசம் ஆகல்ல, ஒடைக்கப் போறியா? யார் செஞ்ச முட்டாள் வேலை?"

"என்னோடதுதான் சேர்," என்றேன். பழி போட வேறு யாரும் அகப்படவில்லை.

துரை முறைத்தார். பிறகு கொத்துவேலை செய்யும் மேசன் பாசுக்கு நான்கு நாள் கொடுத்தார். முன்வாசல்களை அடைத்து, பின்சுவரை வெட்டிக் கதவுகளை மாட்டி, மானாப்புல் தட்டியும் கட்டினோம். ஐந்தாம் நாள் விடியலில், கையில் தண்ணீர் டின்னோடு பாக்கியம் முன்னால் நடந்தாள். "வாங்கடி, வெக்கப்பட்டதெல்லாம் போதும்!" பின்னால் ஆறேழு பேர். அடுத்த வாரம் வரிசையில் முந்துவதற்குச் சண்டையே வந்தது. அந்தச் சண்டையை நான் விலக்கவில்லை.

மழை வந்தது, லுணுகலைப் பாதை இரண்டு இடத்தில் சரியும் அளவுக்கு. பிள்ளைகளுக்குச் சளி பிடித்தது, காய்ச்சல் வந்தது. வயிற்றோட்டமென்று மேல் லயத்திலிருந்து ஒரு பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவில்லை. மழை வெறித்த நாளில் பாக்கியம் மகனை என் முன்னால் நீட்டினாள். "வெரலக் குடுத்துப் பாருங்க ஐயா, ரெண்டு பல்லு!" கொடுத்தேன். நன்றாகவே கடித்தான்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வாசல் வைக்கும் முன், அதில் நுழையப்போகிறவளை அந்த இடத்துக்கே அழைத்துப்போய்க் கேளுங்கள். உங்கள் படிப்புக்குக் கொஞ்சம் அவமானம் நேரலாம். அதில் யாரும் செத்ததில்லை.