அடம்பங்கொடியைக் களையெடுத்த பன்னிரண்டு பேர்

கருங்குழிப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெண்களைக் களையெடுப்பில் அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், இப்போது என்ன? பன்னிரண்டு பேர் வரிசையாக வயலில் இறங்கினோமென்றால் நெல்லைத் தவிர இன்னொரு புல் தலை நீட்ட முடியாது. அந்தக் கை வேகம்தான் எங்களைக் கடற்கரையில் கொண்டுபோய் மானத்தை வாங்கியது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். ஊர் மாதர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியும், வாயும் கொஞ்சம் நீளம், வேறு தகுதி ஒன்றும் எனக்கு இருந்ததில்லை.

வாரத்துக்கு ஒரு நாள் சதுரங்கப்பட்டினத்துக்கு அந்தாண்டைக் குப்பத்திலிருந்து ஓர் அக்கா கருவாட்டுக் கூடையோடு வருவாள். நெல்லை வாங்கிக்கொண்டு கருவாட்டைப் போடுவாள். கூடை காலியானதும் எங்கள் வீட்டுப் புங்கமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். அவளும் வாயாடி, நானும் வாயாடி. அவள் வருகிற நாளில் எனக்கு அடுப்பில் சோறு குழைந்துபோகும்.

ஒரு நாள் மரத்தை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: “உங்க ஊர்ல நெழலு சும்மா கெடக்குது. எங்க குப்பத்துல ஆம்பளைங்க ஒக்காந்து வலை பின்றதுக்கு ஒரு மரமாச்சும் இருக்குதா, சொல்லு?”

“இவ்ளோதானா? நாங்க வந்து வெச்சிக் குடுக்குறோம்க்கா” என்றேன். யோசித்துப் பேசுகிற பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை. சங்கத்துப் பெண்களும் துள்ளிக் குதித்தார்கள். பாதிப் பேர் அதுவரை கடலையே பார்த்ததில்லை.

குப்பத்துப் பெரியவர்கள் உடனே சம்மதிக்கவில்லை என்று அடுத்த வாரம் அக்கா வந்து சொன்னாள். அவர்கள் பயம் ஊற்றைப் பற்றியது. கடலுக்கும் குப்பத்துக்கும் நடுவில் ஒரு பெரிய மணல்மேடு. அதன் அடிவாரத்தில், அக்கா வீட்டுக் கொல்லையில், இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு பள்ளம். பனந்துண்டுகளைச் சுற்றி அடுக்கியிருப்பார்கள். குப்பம் முழுவதுக்கும் நல்ல தண்ணீர் அந்த ஒரு பள்ளத்தில்தான். வெளியூர்க்காரர்கள் மேட்டில் கை வைத்தால் ஊற்று என்ன ஆகுமோ என்று பெரியவர்கள் தயங்கியிருக்கிறார்கள். அக்கா கூட்டத்தில் எழுந்து நின்று, “ஊத்துக்கு ஒண்ணு ஆச்சின்னா என்னைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டாளாம். அவள் புருஷன் தலையில் அடித்துக்கொண்டானாம்.

தை அறுப்பு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சவுக்கங்கன்றுகளை மடியிலும் கூடையிலும் வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறிப் போய் இறங்கினோம். கண்டக்டர் கன்றுக்கும் டிக்கெட் கேட்டார். நான் போட்ட சத்தத்தில் திருக்கழுக்குன்றம் வரைக்கும் அவர் எங்கள் பக்கமே திரும்பவில்லை.

நாங்கள் போன நேரம் படகுகள் கரைக்கு வந்திருந்தன. அக்கா எங்களுக்கு மேட்டைக் காட்டிவிட்டு, “மீனு ஏலம் வுடுறாங்க, தோ வந்துட்றேன்” என்று தண்ணீர் ஓரமாக ஓடினாள். குப்பமே அங்கேதான் நின்றது. மேட்டில் நாங்கள் மட்டும்.

மேட்டைப் பார்த்தோம். முழுக்கக் கொடி. ஆட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்த இலையோடு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தது. நடுநடுவே முள்முள்ளாக ராவணன் மீசைப் புல். எங்களுக்கு உடம்பெல்லாம் கூசியது. கன்று வைக்கப்போகிற இடத்தில் இவ்வளவு களையா? எங்கள் ஊரில் ஒரு வயல் இப்படிக் கிடந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள்.

“இன்னாடி பாத்துகினு நிக்கிறீங்க?” என்று எங்களில் மூத்தவள் களைக்கொத்தை எடுத்தாள். அவ்வளவுதான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசை கட்டினோம், பாட்டு வேறு. வேர் ஒன்றொன்றும் ஆள் நீளம் வந்தது. ஒரு கணு மிச்சம் வைத்தாலும் திரும்பத் துளிர்த்துவிடும் என்று தோண்டித் தோண்டி எடுத்தோம். எடுத்ததை வேர் மேலே இருக்கும்படி புரட்டி வெயிலில் காயப்போட்டோம். அப்புறம் சுத்தமான வெள்ளை மணலில் நூல் பிடித்த மாதிரி கன்றுகளை நட்டு, அந்த ஊற்றிலிருந்தே மொண்டு தண்ணீரும் ஊற்றினோம். பார்க்கப் பார்க்க எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

அக்கா திரும்பி வந்தாள். அவள் இடுப்பிலிருந்த கூடை சாய்ந்து, எங்களுக்காக வாங்கி வந்த மீன் மணலில் கொட்டியது. அதை அவள் குனிந்து எடுக்கவில்லை.

“இன்னாம்மா பண்ணி வெச்சிக்கீறீங்க? மேட்ட மொட்ட அடிச்சிட்டீங்களே!”

“களைக்கா. வுட்டு வெச்சா கன்னு வருமா?”

“களையா? அடம்பங்கொடிய களைன்றியே, நீ நல்லா இருப்பியா? அதாம்மா மண்ண புடிச்சிகினு இருக்குது! காத்து வந்தா ஊத்த மூடிடுமே!”

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. பொழுது விடிந்ததிலிருந்து பாடுபட்ட எங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லையா என்று கத்தினேன். பயிரைப் பற்றி எங்களுக்கா சொல்லித் தருகிறாய் என்றுகூடக் கேட்டேன். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். பஸ்ஸில் வரும்போது பன்னிரண்டு பேரும் அவளைத்தான் திட்டிக்கொண்டு வந்தோம்.

அதன் பிறகு அவள் கருவாடு கொண்டுவரவில்லை. மாசி போயிற்று. பங்குனியில் தெற்குக் காற்று எங்கள் ஊரிலேயே கதவை அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் எனக்கு அந்த மொட்டை மேடுதான் நினைவுக்கு வந்தது. வேறொரு கூடைக்காரி வந்தபோது நைசாக விசாரித்தேன். “ஊத்து மூடிக்கிச்சி. பொம்பளைங்கல்லாம் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்கு அந்தாண்ட போயி தண்ணி தூக்கிகினு வராங்க. அந்தம்மாவத்தான் போறவங்க வர்றவங்கல்லாம் ஏசுறாங்க. பேஜாருதான், போ” என்றாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கப்பட்டவள் அல்ல, என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். மற்றப் பதினொரு பேரும் கூடவே வந்தார்கள், கையில் மண்வெட்டியோடு.

மணல் அவள் கொல்லைப் படலைத் தாண்டியிருந்தது. நாங்கள் நட்ட கன்றுகள் இருந்த இடமே தெரியவில்லை. அவள் ஒண்டியாக ஒரு கூடையில் மணலை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள். கொட்டக் கொட்டக் காற்று திரும்பக் கொண்டுவந்தது. என்னைப் பார்த்தும் நிமிரவில்லை. நான் பக்கத்தில் போய், “தப்பு எம்மேலதான்க்கா” என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் கூடையை என் கையில் திணித்து, “அழுதுகினு நிக்காதே. வாரு” என்றாள்.

அன்றைக்கே ஊற்றின் வாயைக் கண்டுபிடித்துவிட்டோம். அடுத்த ஞாயிறு பனையோலைத் தட்டிகளைக் காற்றுக்குக் குறுக்கே நட்டோம். வலை பின்னுகிற ஆண்கள், எங்களைப் பார்த்துச் சிரித்தாலும், தட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக் கொடுத்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு கொடிக்கு வந்தோம். வடக்கே நடந்துபோனால் ஆள் நடமாட்டமில்லாத கரையில் அது காடாகக் கிடந்தது.

“கொடிய யாருனா நடுவாங்களா? அது தன்னால வரும், பத்து வருசத்துல வரும்” என்றாள் அக்கா.

நான் ஒரு கொடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கணுவுக்குக் கணு வேர் முளை. எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. மூத்தவளிடம் நீட்டினேன். அவள் பார்த்த மாத்திரத்தில், “அடியே, இது நம்ம வள்ளிக்கிழங்குக் கொடிக்குப் பங்காளிடி!” என்று கூவினாள்.

ஐயோ, அன்று எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது! சர்க்கரைவள்ளிக் கொடி நடுவது எங்களுக்குக் கைவந்த வேலை. முழ நீளத்துக்கு நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி வளைத்துப் புதைத்து, இரண்டு முனையையும் வெளியே விட வேண்டும். அதே வரிசை, அதே பாட்டு. இந்த முறை மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து நடுவது, எவ்வளவு நெருக்கமாக நடுவது என்பதையெல்லாம் அக்காவைக் கேட்டுக் கேட்டு நட்டோம். காற்று முதலில் முட்டுகிற இடம் எது என்று அவளுக்குத்தான் தெரியும். குப்பத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு வரிசையைப் பங்கு பிரித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினார்கள். எங்களுக்கு அவர்கள் ‘களைக்காரிங்க’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். போகும்போதெல்லாம் “களைக்காரிங்க வராங்க, கொடிய மறைங்க!” என்று கூச்சல் போடுவார்கள். நாங்களும் சிரித்துத் தொலைத்தோம்.

ஆவணி மழையில் கொடி பிடித்துக்கொண்டது. ஐப்பசி முடிந்தபோது மேட்டின் பாதி பச்சையாகிவிட்டது. அக்கா ஒரு சட்டம் போட்டாள்: ஒருவரும் ஓர் இலைகூடக் கிள்ளக் கூடாது. ஆட்டை விரட்டினாள், ஆட்டுக்காரனை விரட்டினாள். நெறி கட்டிய வீக்கத்துக்கு வைத்துக் கட்ட இலை கேட்டு வந்த ஊர்ப் பெரியவரையே, “வடக்கால போயி பறிச்சிக்க நைனா” என்று திருப்பியனுப்பினாள். பங்குனிக் காற்று வந்து போகிற வரைக்கும் அவளுக்கு நிம்மதி இல்லை. பெரியவர்களுக்குக் கொடுத்த வாக்கு நிற்பது அந்தக் காற்றைப் பொறுத்தல்லவா இருந்தது.

பங்குனியும் வந்தது. காற்று நான்கு வாரம் விடாமல் அடித்த பிறகு பன்னிரண்டு பேரும் போனோம். மேட்டில் ஏறினால், கொடி மணலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தது, ஊதா நிறத்தில் பூ வேறு. கீழே கொல்லையில் குடங்கள் வரிசையாக நின்றன. அக்கா ஊற்றில் மொண்டுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கிக் காட்டினாள். அடியில் கிடந்த மணல் துகள்கூடத் தெரிந்தது.

நாங்கள் போட்ட கூத்தில் காக்கைகள் எழும்பிப் போயின. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகக் கடலுக்குள் ஓடினேன். முழங்கால் ஆழம்கூடப் போயிருக்க மாட்டேன், காலில் கொள்ளிக்கட்டையைச் சுற்றியது போல ஓர் எரிச்சல். சொறிமீன், அந்தக் கூழ் மாதிரி மிதந்து வருமே, அதேதான். நான் அலறியது செங்கல்பட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

கரைக்கு இழுத்துவந்து உட்காரவைத்தார்கள். கண்ணீர்த் திரைக்கு நடுவில் பார்க்கிறேன், அக்கா மேட்டின்மேல் ஓடுகிறாள். ஓடி, குனிந்து, இரண்டு கையாலும் அடம்பங்கொடியைப் பிடித்து இழுக்கிறாள். இலை கிள்ளவில்லை, கொடியையே வேரோடு பிடுங்கினாள். கொத்தாக அள்ளிக்கொண்டு வந்து, கல்லில் வைத்து நசுக்கி, என் கால் முழுக்க அப்பினாள். சொறிமீன் எரிச்சலுக்குக் குப்பத்தில் அதுதான் மருந்தாம்.

“ஐயோ அக்கா, ஒரு எலைகூட யாருக்கும் தரமாட்டேன்னியே!” என்றேன், அந்த வலியிலும்.

“ஆமா. நீ மட்டுந்தான் பிடுங்கணுமா? எனக்கும் களையெடுக்கத் தெரியும்டி” என்றாள். சொல்லிக்கொண்டே என் காலில் ஊதினாள்.

நான் அழுதேன், சிரித்தேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். எரிச்சல் அடங்கியதும் பன்னிரண்டு பேரும் மேட்டுக்குப் போனோம். அவள் பிடுங்கிய இடத்தில் இரண்டு கணு புதைகிற மாதிரி ஒரு முழக் கொடியை வளைத்து வைத்தேன். அவள் ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.