முனியப்பன் காலடியில் ஒரு வாக்குவாதம்

எனக்குப் பேச்சு சூடுபிடித்தால் குரல் தானாக ஏறிவிடும். இதற்காகவே பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அம்மா என்னை வாயைத் திறக்க விடமாட்டாள். அப்படி அடக்கி வைத்தும் முப்பத்திரண்டு வயது வரைக்கும் ஒன்றும் அமையவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. ராட்சச மிருகப் படம் எது வந்தாலும் சேலம் போய்ப் பார்த்துவிடுவேன். கல்யாணத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை என்று மில்லில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சுத்தப் பொய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தவருக்கு மல்லசமுத்திரம் தாண்டி முட்டைக் கோழிப்பண்ணை. வயது முப்பத்தாறு. பண்ணை என்றதுமே பெண் வீடுகளில் மூக்கைச் சுளித்துக்கொண்டு, வெளியே மட்டும் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். கூட அவருடைய அம்மாவும் மாமாவும் வந்திருந்தார்கள். காபி குடித்து முடித்ததும், இப்போதெல்லாம் செய்வதுபோல, "பத்து நிமிசம் தனியாப் பேசட்டுமுங்க" என்று எங்கள் இருவரையும் உள்ளறையில் உட்காரவைத்துக் கதவை லேசாகச் சாத்தினார்கள்.

கொஞ்ச நேரம் ஆளுக்கொரு பக்கமாக ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர், "லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். படம் பார்ப்பேன் என்றேன். என்ன படம் என்றார். கடைசியாகப் பார்த்ததைச் சொன்னேன். தமிழில் டப்பிங் செய்து வந்த படம். மலை உயரத்துக்கு ஒரு பிராணி கடலிலிருந்து எழுந்து ஊருக்குள் நடக்கும், நடுவில் ஒரு பெரிய பாலத்தை மிதித்து நொறுக்கும். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"நான் ரெண்டு தடவ பாத்தனுங்க! அந்தப் பாலம் ஒடையுற எடத்துல சிரிச்சுச் சிரிச்சு வயிறே புண்ணாப் போச்சுங்க."

"சிரிச்சீங்களா?"

"பின்ன என்னங்க? வெள்ளக்காரச் சிப்பாய் நம்மூரு போர் போடற ரிக் லாரி டிரைவராட்டம் தமிழ்ல வஞ்சுக்கிட்டே ஓடறானுங்க. அதப் பாத்து எப்புடி பயப்படறது?"

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பாலத்துக் காட்சியில் காலிரண்டையும் சீட்டுக்கு மேலே தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். பக்கத்து சீட்டில் யாரென்றே தெரியாத ஓர் அம்மாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அந்த அம்மாவும் என் கையை விடவில்லை. அப்பேர்ப்பட்ட இடத்தில் ஒரு மனிதன் சிரித்தானாம்.

"பயப்படறதுக்குத்தானுங்க அந்தப் படமே. சிரிக்கோணும்னா டிவியில காமெடி போடறாங்கல்ல, அதப் பாத்துக்க வேண்டியதுதான்" என்றேன்.

"பயத்த நான் தெனமும் பண்ணையில பாக்கறனுங்க. பக்கத்துக் காட்டுல ஒரு வெடி வெடிச்சாப் போதும், அத்தனை கோழியும் மெரண்டு போயிரும். ஒரு வாரத்துக்கு முட்டை கொறஞ்சு போகும். காசு குடுத்துத் தியேட்டருக்குப் போயும் பயப்படச் சொல்றீங்களா? சிரிக்கத்தானுங்க போறது."

நியாயம்தான். ஆனால் ஒத்துக்கொள்கிற ஜாதி இல்லை நான். எனக்கு இருப்பதெல்லாம் சில்லறைப் பயங்கள் என்று சொன்னேன். தரகர் போன் வந்தால் பயம், கல்யாண வீட்டில் யாராவது வயதைக் கேட்டால் பயம், மறுபடி ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு காபித் தட்டோடு நிற்க வேண்டுமே என்று பயம். தியேட்டரில் அந்தப் பெரிய பிராணி வந்து நின்றால் இந்தச் சில்லறை எல்லாம் ரெண்டு மணி நேரத்துக்கு ஓடி ஒளிந்துகொள்கிறது. முன்பின் தெரியாதவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் புரியவில்லை.

அவர், "அப்ப அதுக்குப் பேரு பயமில்லீங்க, நிம்மதி" என்றார்.

சரியான இடத்தில் பிடித்துவிட்டார். அதனாலேயே எனக்குக் குரல் இன்னும் ஏறியது. "பயப்படவே தெரியாத ஆளோட எப்புடிங்க காலந்தள்றது?" என்று கத்தினேன். "இதுக்கெல்லாம் பயந்தா எங்க பண்ணையில ஒரு நாள் தாங்காதுங்க!" என்று அவரும் கத்தினார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் கத்தினோம். வெளியே இருந்தவர்களுக்குக் கத்தல் மட்டும்தான் கேட்டது.

கதவு திறந்தது. அவருடைய அம்மாவின் முகம் சுண்டிப் போயிருந்தது. "ஊட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றமுங்க" என்று எழுந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். இந்த ஒரு வாக்கியம் வந்தால் முடிந்தது என்று அர்த்தம். மாமா அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

இது சண்டை இல்லை, இத்தனை வருஷத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக யாரோடும் பேசியதில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வேண்டாத நேரத்தில் எல்லாம் ஏறுகிற குரல் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவரோ வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

அப்பாதான் பின்னாலேயே போய், "எதுக்கும் முனியப்பங்கிட்டப் பூக் கேட்டுப் பாத்துருவமுங்க. அவரு சொல்றபடி ஆகட்டும்" என்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம். வேண்டாம் என்று வந்தாலும் பழி சாமியோடு போய்விடும், யாருக்கும் யார் மேலும் வருத்தம் வராது. அதனால் அவர்களும் சரி என்றார்கள். முடித்துக்கொள்ள ஒரு மரியாதையான வழி என்றுதான் இரண்டு வீட்டிலும் நினைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போனோம். நாலைந்து வீட்டுக் கிடா விருந்து ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருந்தது. அண்டாவில் குழம்பு கொதிக்க, மசாலா வாசம் தலையைச் சுற்றியது. அத்தனைக்கும் நடுவே முனியப்பன் தென்னைமர உயரத்துக்கு உட்கார்ந்திருந்தார். முறுக்கு மீசை, கோரைப்பல், உருட்டி விழிக்கிற கண், கையில் அரிவாள். அவர் பேரைச் சொல்லித்தான் எங்கள் ஊரில் அழுகிற பிள்ளைகளை அடக்குவார்கள். அவர் காலடியிலேயே பந்தி போட்டு, இன்னும் ரெண்டு துண்டு கறி போடு என்று கேட்டு வாங்கித் தின்பார்கள்.

இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு மரத்தடியில் நின்றார்கள். அவர் மட்டும் மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க, சாமியப் பாத்தா என்ன தோணுது? பயமா, சிரிப்பா?"

"கோயில்ல வந்து கேக்கற கேள்வியா இது?" என்றேன். கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த நேரத்தில் ஒருவர் தன் மகளைத் தூக்கி முனியப்பனின் கால் கட்டைவிரலைத் தொடவைத்தார். குழந்தை வீலென்று அலறி அப்பாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "பாத்தீங்களா?" என்றேன். அடுத்த நிமிடமே கிளுகிளுவென்று சிரித்து, இன்னொருக்கா என்று கையை நீட்டியது. "பாத்தீங்களா?" என்றார் அவர். மறுபடி தூக்கினார்கள். அலறலும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அதை யார் கணக்கில் சேர்ப்பது என்று எங்களுக்குள் மறுபடி வாக்குவாதம் மூண்டுவிட்டது. என் குரல் ஏறியது, அவருடையதும் ஏறியது. மரத்தடியில் அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொள்வது தெரிந்தது.

பூசாரி மணி அடித்துக் கூப்பிட்டார். எல்லோரும் போய் நின்றோம். இரண்டு பொட்டலமும் காலடியில் இருந்தன. அடுத்து நடக்கப் போவது என்னவென்று அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. இதில் சிவப்பு வந்தால் இந்த மனிதர் மல்லசமுத்திரம் போய்விடுவார். நான் மில்லுக்குப் போய்விடுவேன்.

"ஏனுங்க," என்று மெதுவாகச் சொன்னார் பக்கத்தில் நின்றவர். "நெசமாலுமே பயமா இருக்குதுங்க எனக்கு."

ஜெயித்துவிட்டேன் என்று குதித்திருக்க வேண்டியவள் நான். "எனக்குந்தானுங்க" என்று மட்டும் சொன்னேன்.

பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமா, "சரிங்க, சாமி சொல்லிட்டாரு, அப்பறம் என்ன இருக்குது?" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இன்னொருக்கா கேளுங்க!"

கத்தியது நான்தான். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. அவருடைய அம்மா என்னையே பார்த்தார். பிறகு தன் மகனைப் பார்த்தார். மகனோ எங்கே பார்ப்பதென்று தெரியாமல் முனியப்பனின் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

அந்த அம்மா என் கிட்டத்தில் வந்தார். "ஏங் கண்ணு, அப்ப அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கலயா?"

"இல்லீங்க. படத்தப் பத்திப் பேசிக்கிட்டிருந்தமுங்க."

"படத்தப் பத்தியா?" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, "இவனப் புடிச்சிருக்குதா கண்ணு உனக்கு?" என்று கேட்டார்.

ஜாதகத்தைக் கேட்டிருக்கிறார்கள், தரகரைக் கேட்டிருக்கிறார்கள், இப்போது முனியப்பனையும் கேட்டாயிற்று. இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"புடிச்சிருக்குதுங்க, அத்தை" என்றேன்.

அத்தை என் கன்னத்தை ஒரு தடவை தடவினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பூசாரி பக்கம் திரும்பினார்.

"பொட்டலத்த மறுக்காவும் கட்டி வைங்க சாமி. வெள்ளப் பூ வர்ற வரைக்கும் வைங்க."